வளியின் மூன்று அளவுகள்

கல்லை அளக்கலாம், நெல்லை அளக்கலாம், நீரை அளக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத வளியை எவ்வாறு அளப்பது? அள்ளினால் கையில் நில்லாது. கலத்தில் இட்டால் அடியில் தங்காது. மூடியைத் திறந்தால் போன இடம் தெரியாது. அத்தகைய பொருளையும் மாந்தன் அளந்தான். அளந்ததோடு நில்லாமல், அதன் அளவுகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருப்பதையும் கண்டான். அக்கட்டுப்பாட்டை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'கேசு' என்னும் சொல் பழஞ்சொல்லன்று. பதினேழாம் நூற்றாண்டில் பிளெமிய நாட்டு மருத்துவரும் வேதியலறிஞருமான வான் எல்மாண்டு என்பவர், ஒழுங்கற்ற பெருவெளியைக் குறிக்கும் 'கேயாசு' என்னும் கிரேக்கச் சொல்லினின்று அதனைப் படைத்தார். அவர் நூல் 1648-இல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. தமிழிலோ இவ்விடர்ப்பாடு இல்லை. ஐம்பூதங்களுள் ஒன்றைத் தொல்காப்பியம் 'வளி' என்றே குறிக்கின்றது. மூச்சிழுப்பதும் மரத்தை அசைப்பதும் 'காற்று' என வழங்குகின்றது. காற்று என்பது பல வளிகளின் கலவை. வளி என்பது அவ்வகைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். உயிர்வளி ஒரு வளி. நீரகவளி ஒரு வளி. கரிவளி ஒரு வளி. ஆகவே காற்று எல்லாம் வளி. வளி எல்லாம் காற்றல்ல. இவ்விரு சொற்களையும் இவ்வாறு பிரித்தாண்டால் குழப்பமே எழாது.

இனி, வளிக்குரிய மூன்று அளவுகள் எவை? அது தன்னை அடைத்திருக்கும் சுவரின்மேல், ஓர் அளவான பரப்பில் செலுத்தும் தாக்கு அழுத்தம் எனப்படும். அது நிரப்பி நிற்கும் இடத்தின் அளவு பருமன் எனப்படும். அதன் சூட்டின் நிலை வெப்பநிலை எனப்படும். நான்காவதாக, அடைபட்ட வளி எவ்வளவு என்னும் பொருளளவும் உண்டு. இந்நான்காவதை மறப்பவர் முதல் மூன்றிலும் இடறுவர். அது பின்னர் விளங்கும்.

வளிக்கு எடை உண்டு என்பதையே ஐரோப்பியர் நெடுங்காலம் ஒப்பவில்லை. 1643-இல் இத்தாலியைச் சேர்ந்த தொரிசெல்லி வகுத்த ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. ஒருமுனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில், பாதரசம் எனப் பலரும் வழங்கும் இதளை நிரப்பி, இதள் நிறைந்த தொட்டியில் தலைகீழாக நிறுத்தினர். குழாயிலிருந்த இதள் முழுதும் வெளியே ஓடிவிடவில்லை. ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. அதனைத் தாங்கி நிற்பது யாது? தொட்டியின் மேற்பரப்பை அழுத்தும் காற்றே. 1648-இல் பாசுக்கலின் வேண்டுகோளின்படி அவர் தமக்கையின் கணவர் பெரியே என்பவர், பிரான்சு நாட்டின் 'புய் தெ தோம்' மலைமேல் இவ்வாய்வைச் செய்தார். மேலே ஏற ஏற இதளின் உயரம் குறைந்தது. மலைமேல் தலைக்கு மேலுள்ள காற்றுக் குறைவாதலின் அழுத்தமும் குறைவு என்பது அதனால் உறுதியாயிற்று.

இந்த இடத்தில் வரலாற்றுக்குள் வருகின்றவர் இராபர்ட்டு பாயில். அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் ஆய்வு நடத்திவந்தவர். செருமானியரான கெரிக்கே என்பவர் கலத்தினின்று காற்றை வெளியேற்றும் பொறி ஒன்றைச் செய்தார் என அறிந்து, தாமும் அத்தகைய பொறி ஒன்றைச் செய்விக்க விழைந்தார். அதனைச் செய்து முடித்தவர் அவரிடம் பணியாற்றிய இராபர்ட்டு ஊக்கு என்னும் கைத்திறன் மிக்க இளைஞர். அப்பொறிகொண்டு நடத்திய ஆய்வுகளைப் பாயில் 1660-இல் நூலாக வெளியிட்டார். காற்றுக்கு வில்லைப் போன்ற ஒரு மீள்திறன் உண்டு. அழுத்தினால் அடங்கும், விட்டால் விரியும் என்பது அந்நூலின் கருத்து.

இக்கருத்தை இயேசு கழகத் துறவியான இலைனசு என்பவர் மறுத்தார். காற்றின் மீள்திறன் அவ்வளவு வலியதன்று; இதளை மேலே இழுத்துப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கயிறே என்றார் அவர். மறுப்பைக் கண்டு பாயில் வைது எழுதவில்லை, அளந்து எழுதினார். அவர் தந்த விடை 1662-இல் வெளிவந்தது. அறிவியலில் மறுப்பு எத்துணைப் பயனுடையது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. இலைனசு மறுத்திராவிட்டால் அந்த அளவீடு அப்பொழுது நடந்திராது.

அந்த ஆய்வு எளியது. ஒருபுறம் குட்டையாகவும் மறுபுறம் நெட்டையாகவும் வளைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று. குட்டைக் கையின் முனை மூடப்பட்டது; நெட்டைக் கையின் முனை திறந்தது. நெட்டைக் கை மிக உயரமாக இருந்ததால் அறைக்குள் வைக்க இயலாமல் மாடிப்படியில் வைத்து ஆய்ந்தனர். இதளைச் சிறிது ஊற்றி இருபுறமும் ஒரே மட்டமாக நிற்கச் செய்தனர். அப்பொழுது குட்டைக் கையில் அடைபட்ட காற்றின் நீளம் 48 கூறு. அதன்மேல் இருந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமே, அஃதாவது 29 1/8 அங்குல இதள். பின்னர் நெட்டைக் கையில் மேலும் மேலும் இதள் ஊற்றினர். அடைபட்ட காற்று 24 கூறாகச் சுருங்கியபோது மொத்த அழுத்தம் 58 13/16 அங்குலம். 12 கூறாகச் சுருங்கியபோது அழுத்தம் 117 9/16 அங்குலம்.

இவ்வெண்களைச் சற்றே பெருக்கிப் பார்க்க. 48-ஐ 29 1/8-ஆல் பெருக்க 1398. 24-ஐ 58 13/16-ஆல் பெருக்க ஏறத்தாழ 1411. 12-ஐ 117 9/16-ஆல் பெருக்கினும் ஏறத்தாழ 1411. முதற் பெருக்கற்பலனுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிக்கிறது. இடம் காலானால் அழுத்தம் நான்மடங்காகிறது. பொருளளவும் வெப்பநிலையும் மாறாதிருக்க, வளியின் பருமன் அழுத்தத்திற்கு எதிர்வீதத்தில் அமையும். இரண்டையும் பெருக்கினால் வருவது மாறா எண். இதுவே பாயில் விதி.

இவ்விதிக்குப் பாயில் பெயர் வழங்கினாலும், அழுத்தத்திற்கும் பருமனுக்கும் உள்ள இவ்வுறவை முதலில் கருதுகோளாக உரைத்தவர் தவுன்லி என்பவர் என்று பாயிலே தம் நூலில் குறித்துள்ளார். தவுன்லியும் அவர் நண்பராகிய என்றி பவர் என்னும் மருத்துவரும் 1661-இல் இங்கிலாந்தின் பென்டில் குன்றில் ஏறி ஆய்வு நடத்தியவர்கள். பொறி செய்தவர் ஊக்கு. 1670-களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு மரியோத்து என்பவரும் இதே விதியைத் தாமாகவே நிலைநாட்டினார். அதனால் இங்கிலாந்தில் இது பாயில் விதி. பிரான்சிலோ இன்றும் மரியோத்து விதி. ஒவ்வொரு நாடும் தன் மகன் பெயரை இட்டு வழங்குகின்றது. நாட்டுப்பற்று நன்றே. ஆயினும் இட்ட பெயர் எதுவாயினும் இதளின் உயரம் மாறுவதில்லை என்பதையும், பாயில் தமக்கு முன்னவர் பெயரை மறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே கற்பித்தல் முறை.

இனி வெப்பநிலைக்கு வருவோம்.

பிரான்சில் அமோந்தோன் என்றோர் அறிஞர் இருந்தார். இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். இடத்தை மாறாமல் நிறுத்தி, அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் எவ்வாறு ஏறுகின்றது என அவர் ஆய்ந்தார். பொதுவான வானிலைச் சூட்டிலிருந்து கொதிநீரின் சூட்டிற்குக் கொண்டுசென்றால் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது என 1702-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். சூடு குறையக் குறைய அழுத்தமும் குறையுமாயின், அழுத்தமே இல்லாத ஒரு நிலை கீழே எங்கோ இருத்தல் வேண்டும். குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்னும் எண்ணத்திற்கு வித்து அதுவே.

அடுத்து, சார்லசு. இவரை உலகம் முதலில் அறிந்தது வானில். 1783-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், பாரிசு நகரின் துயிலெரித் தோட்டத்தில் பெருங்கூட்டம் பார்த்து நிற்க, நீரகவளி நிரப்பிய கூண்டில் சார்லசும் அவர் துணைவர் நிக்கொலா இராபெரும் மேலே எழுந்தனர். இரும்புத் துகளில் கந்தகக் காடி ஊற்றி உண்டாக்கிய வளி அது. மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறையும். பாயில் விதிப்படி உள்ளிருக்கும் வளி விரியும். விரிய வழியில்லையெனில் கூண்டு கிழியும். அதனை அறிந்தே சார்லசு, வளியை வெளிவிடும் திறப்பைக் கூண்டில் அமைத்திருந்தார். படிப்பறிவு உயிரைக் காத்த இடம் அது.

இவர் ஏறத்தாழ 1787-இல், உயிர்வளி, வெடியவளி, நீரகவளி, கரிவளி, காற்று ஆகிய அனைத்தும் ஒரே அளவு சூடேறினால் ஒரே அளவு விரிகின்றன எனக் கண்டார். ஆனால் எழுதி வெளியிடவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, 1802-இல், கே-லூசாக்கு என்னும் இளம் அறிஞர் இதனைத் தாமே செவ்வையாக ஆய்ந்து வெளியிட்டார். வெளியிடாத ஒருவரின் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், கேட்பார் இரார். ஆயினும் அவர் சார்லசின் பெயரைத் தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். இன்று அவ்விதி சார்லசு விதி என வழங்குவது அந்த நேர்மையால்.

அவ்விதி கூறுவது யாது? பொருளளவும் அழுத்தமும் மாறாதிருக்க, வளியின் வெப்பநிலை ஒரு செல்சியசுப் பாகை உயருந்தோறும், சுழிப் பாகையில் அதற்கிருந்த பருமனின் குறித்த ஒரு பங்கு கூடும். கே-லூசாக்கு கண்ட பங்கு 267-இல் ஒன்று. பிற்காலத்தில் இரெனோ முதலியோர் இன்னும் நுணுக்கமாக அளந்து 273-இல் ஒன்று எனத் திருத்தினர். சுழிப் பாகையில் 273 இலிட்டர் உள்ள வளி, ஒரு பாகையில் 274 இலிட்டர்; நூறு பாகையில் 373 இலிட்டர்.

இக்கணக்கைக் கீழ்நோக்கி இழுத்தால் என்னாகும்? ஒவ்வொரு பாகை குறையுந்தோறும் ஒவ்வோர் இலிட்டர் குறைந்து, சுழிக்குக் கீழே 273-ஆம் பாகையில் பருமனே இல்லாமற் போகும். உண்மையில் எந்த வளியும் அங்குச் செல்லுமுன் நீர்மமாகிவிடும். ஆயினும் கணக்கு காட்டிய அந்த எல்லை பொய்யன்று. 1848-இல் கெல்வின் பெருமகனார் அந்த எல்லையையே தொடக்கமாகக் கொண்டு வெப்பநிலையை எண்ணும் முறையை வகுத்தார். துல்லியமாக அது செல்சியசுச் சுழிக்குக் கீழே 273.15 பாகை. இதனைத் தனிச்சுழி எனலாம். தனிச்சுழியினின்று எண்ணினால் விதி மிக எளிதாகிவிடுகிறது: அழுத்தம் மாறாதபோது பருமன் தனிவெப்பநிலைக்கு நேர்வீதம், பருமன் மாறாதபோது அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்வீதம்.

இங்கேதான் மாணாக்கர் பலர் வழுக்குகின்றனர். வெப்பநிலை 20 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்ந்தால் இரட்டித்தது என எண்ணிப் பருமனையும் இரட்டித்து எழுதுவர். தனிச்சுழியினின்று எண்ணினால் அது 293-லிருந்து 313-க்குச் சென்றதே ஆகும். கூடியது நூற்றுக்கு ஏழு கூட இல்லை. கோபுரத்தின் உயரத்தை இரண்டாம் நிலையிலிருந்து அளப்பவனுக்கு மடங்குக் கணக்கு எவ்வாறு சரிவரும்? அளவு அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்விதிகள் ஏன் இவ்வாறு அமைந்தன? 1738-இலேயே சுவிட்சர்லாந்து நாட்டுத் தானியல் பெர்னூலி விடை கூறினார். வளி என்பது எண்ணிலடங்காத நுண்துகள்களின் கூட்டம். அவை எப்பொழுதும் விரைந்து ஓடிக்கொண்டே இருக்கின்றன. சுவரில் மோதித் திரும்புகின்றன. அம்மோதல்களின் மொத்தமே அழுத்தம். இடத்தைப் பாதியாக்கினால் அதே துகள்கள் சுவரை இருமடங்கு மோதும்; அழுத்தம் இரட்டிக்கும். அதுவே பாயில் விதி. சூடாக்கினால் துகள்களின் இயக்க ஆற்றல் கூடும், மோதலும் வலுக்கும், அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும், இடம் கொடுத்தால் பருமன் ஏறும். பெர்னூலியின் கருத்து நூறாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் மாக்சுவெல், போல்ட்சுமான் போன்றோர் அதனைக் கணக்கியல் வலிமையோடு நிலைநாட்டினர்.

மிதிவண்டிக்குக் காற்றடிப்பவர் குழாயின் அடிப்பகுதி சுடுவதை அறிவர். உராய்வால் சுடுகிறது என்பர். உராய்வு சிறிதே. விரைந்து தள்ளும் தண்டு துகள்களுக்கு ஆற்றலை ஊட்டுவதால் அடைபட்ட காற்றே சூடேறுகிறது. அப்பொழுது வெப்பநிலை மாறிவிடுவதால் பாயில் விதியை மட்டும் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டால் விடை குறைவாகவே வரும். விதியைச் சொல்லும்போது 'வெப்பநிலை மாறாதிருக்க' என்னும் தொடரை ஒப்புக்குச் சொல்லும் தொடராக எண்ணுதல் தவறு. அதுவே விதியின் வேலி.

பொருளளவு பற்றிய விதியைத் தந்தவர் இத்தாலியரான அவகாத்திரோ; ஆண்டு 1811. ஒரே அழுத்தத்திலும் ஒரே வெப்பநிலையிலும் ஒத்த பருமனுள்ள வளிகள், எவ்வகையாயினும், ஒத்த எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்றார். அவர் வாழ்ந்த காலத்தில் அதனை ஏற்றவர் சிலரே. அவர் மறைந்த பின்னர், 1860-இல் செருமனியின் கார்ல்சுரூவே நகரில் கூடிய வேதியலறிஞர் மாநாட்டில், அவர் நாட்டவரான கன்னிசாரோ அக்கருத்தை எடுத்துரைத்தார். உலகம் மெல்ல ஏற்றது. 1834-இல் கிளாப்பெரான் என்னும் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் முன்னைய விதிகளை ஒரே சமன்பாட்டில் கோத்தார். அதனை இன்றுள்ள வடிவில் சொல்வதாயின்: அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வருவது, பொருளளவையும் தனிவெப்பநிலையையும் ஒரு மாறா எண்ணையும் பெருக்கி வருவதற்குச் சமம். அம்மாறா எண் எல்லா வளிக்கும் ஒன்றே.

நடைமுறையில் ஒரு கணக்குப் பார்ப்போம். உந்துவண்டியின் உருளிக் குழாயில் காலையில் காற்று நிரப்புகின்றனர். வெப்பநிலை 27 பாகை, தனிவெப்பநிலை 300. அளவுகருவி, வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு எனக் காட்டுகின்றது. வண்டி நெடுந்தொலைவு ஓடி, உள்ளிருக்கும் காற்று 57 பாகைக்கு, அஃதாவது தனிவெப்பநிலை 330-க்கு ஏறுகின்றது. குழாயின் பருமன் பெரிதும் மாறாது எனக் கொண்டால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் எதில் பத்தில் ஒரு பங்கு? கருவி காட்டுவது வெளியழுத்தத்திற்கு மேற்பட்டதை மட்டுமே. உள்ளே உண்மையில் இருப்பது இரண்டன்று, மூன்று. மூன்றில் பத்தில் ஒரு பங்கு 0.3. ஆகவே கருவி இப்பொழுது 2.3 காட்டும், 2.2 அன்று. வெப்பநிலையில் செய்யும் அதே பிழையை அழுத்தத்திலும் செய்யக்கூடாது. இரண்டையும் அடியிலிருந்தே எண்ண வேண்டும்.

இனி, தலையாய ஒன்று. இவ்விதிகள் எங்குப் பொருந்தா என்பதை அறியாதவன் விதியை அறிந்தவனாகான்.

இல்லந்தோறும் அடுக்களையில் எரிவளி உருளை இருக்கின்றது. அதில் 14.2 கிலோ எரிபொருள். உருளைக்குள் இருப்பது முழுதும் வளியன்று. அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட புரொப்பேனும் பியூட்டேனுமே பெரும்பகுதி. மேலே சிறிது இடத்தில் அவற்றின் வளி. அடுப்பு எரிய எரிய நீர்மம் குறைந்து மேலிடம் பெருகுகின்றது. பாயில் விதிப்படி அழுத்தம் குறைய வேண்டாவா எனக் கேட்கத் தோன்றும். குறைவதில்லை. இடம் பெருகப் பெருக நீர்மம் வளியாக மாறி அவ்விடத்தை நிரப்புகின்றது, பொருளளவு மாறிவிடுகின்றது. பொருளளவு மாறாதிருந்தாலன்றோ பாயில் விதி? ஆகவே வெப்பநிலை மாறாதவரை, நீர்மம் தீரும்வரை அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவாகவே நிற்கும். உருளையில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அழுத்தத்தால் அறிய இயலாது. எடையாலேயே அறிய இயலும். வெற்று உருளையின் எடை உருளையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நிறுத்துக் கழித்தால் மிச்சம் தெரியும்.

எரிவளி தீரும் நேரத்தில் எஞ்சியதையும் வரச்செய்யலாம் என்று உருளையைக் கொதிநீரில் நிறுத்துவாரும், அனல் அருகே வைப்பாரும் உளர். மிகக் கொடிய இடர் அது. அமோந்தோனும் கே-லூசாக்கும் காட்டிய அளவில் மட்டும் அங்கு அழுத்தம் ஏறாது. சூடு ஏறும்போது நீர்மம் மேலும் மேலும் ஆவியாகி அழுத்தத்தைப் பன்மடங்கு விரைவில் ஏற்றும். எஞ்சிய நீர்மமும் விரியும். நிறை உருளையில் நீர்மம் விரிந்து மேலிடம் முழுவதையும் அடைத்துவிட்டால், அதற்குமேல் விரிய இடமின்றி எஃகுச் சுவரையே நெருக்கும். அதற்கு இடம்விட்டே உருளைகளை நிரப்புகின்றனர். பள்ளியில் மூன்று விதிகளை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை, வீட்டில் தாய் உருளையைச் சுடுநீரில் வைக்கும்போது வாளா பார்த்திருப்பானாயின், அவன் கற்றது கல்வியாகுமா?

வளிவிதிகளின் எல்லையைத் தெளிவாகக் காட்டியவர் இருவர். 1869-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரூசு என்பவர், கரிவளியை ஏறத்தாழ 31 பாகைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாக்க இயலாது. அதற்குக் கீழே அழுத்தினால் நீர்மமாகும் என நிறுவினார். அடுத்து 1873-இல் ஒல்லாந்து நாட்டின் வான் தெர் வால்சு என்பவர், மூலக்கூறுகளுக்கும் தமக்கென இடம் உண்டு, அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் உண்டு என்பவற்றைக் கணக்கில் சேர்த்து விதியைத் திருத்தினார். அவர் தந்த சமன்பாடு வளியையும் நீர்மத்தையும் ஒரே தொடர்ச்சியாகக் காட்டியது. 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வறிஞரின் வாழ்க்கையைத் தமிழ்மக்கள் ஊன்றி நோக்கல் வேண்டும். அவர் தச்சரின் மகன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். இலத்தீனும் கிரேக்கமும் கல்லாதவர் என்னும் கரணியத்தால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத அவர்க்கு நெடுநாள் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. பின்னர்ச் சட்டம் மாறி, அறிவியல் மாணாக்கர்க்கு அம்மொழிகள் வேண்டா என்றான பின்னரே அவர் பட்டம் பெற முடிந்தது. பட்டத்திற்கு அவர் எழுதிய ஆய்வேடு எம்மொழியில்? இலத்தீனிலன்று, ஆங்கிலத்திலன்று, சிறு நாடாகிய ஒல்லாந்தின் மக்கள் பேசும் டச்சு மொழியில். அதனைக் கண்ட மாக்சுவெல், இந்நூலைப் படிப்பதற்காகவே ஆய்வாளர் சிலர் அம்மொழியைக் கற்கத் தலைப்பட்டனர் என்னும் கருத்துப்பட எழுதினார். மொழியைத் தேடி அறிவு செல்லவில்லை. அறிவு பிறந்த மொழியைத் தேடி உலகம் சென்றது.

பாயிலும் 1660-இல் தம் வளிநூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். இலத்தீன் மொழிபெயர்ப்புப் பின்னர் வந்ததே. கே-லூசாக்கு பிரெஞ்சில் எழுதினார். எவரும் தம் தாய்மொழி இதற்குப் போதாது என அஞ்சவில்லை. சொல் இல்லாத இடத்துச் சொல் படைத்தனர். வான் எல்மாண்டு 'கேசு' என்னும் சொல்லைப் படைத்ததைப்போல. தமிழுக்கு வளி உண்டு, அழுத்தம் உண்டு, பருமன் உண்டு, வெப்பம் உண்டு. இவ்வுரையில் கூறிய விதிகள் அனைத்தும் குறியீடு ஒன்றும் இன்றித் தமிழ்த் தொடர்களால் சொல்லக்கூடியனவாகவே உள்ளன.

ஆயினும் தமிழன்பர்க்கு ஒன்று கூறல் கடமை. சொல்லைப் படைப்பது பாதிப் பணியே. 'பருமன்' என்று அழகாக எழுதிவிட்டு, செல்சியசு எண்ணை அப்படியே கணக்கில் இட்டால் விடை தமிழிலும் தவறே. தூய சொல்லால் சொன்ன பிழையும் பிழைதான். பாயில் மறுப்பாரை வென்றது சொல்லால் அன்று. 48, 24, 12 என்னும் கூறுகளால். தமிழில் அறிவியல் நிலைபெற வேண்டுமாயின், தமிழில் எழுதுவோர் அளக்கவும் வேண்டும். அளந்ததை மறைக்காமல் எழுதவும் வேண்டும். முன்னவர் பெயரை மொழியாமல் விடாதிருக்கவும் வேண்டும். விதியின் வேலி எதுவென்று மாணாக்கர்க்கு விளங்கச் சொல்லவும் வேண்டும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் நாளை வகுப்பில் வளிவிதியைக் கற்பிக்கும்போது, பலகையில் வாய்பாட்டை எழுதுமுன் ஒரு வினா கேட்கட்டும்: எது மாறாதிருக்கும்போது எது மாறுகின்றது? அதற்கு ஒரு பிள்ளை தன் தாய்மொழியில் தடுமாறாமல் விடை கூறுமாயின், அப்பிள்ளைக்கு வளிவிதி விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். அன்று அப்பிள்ளை வீட்டிற்குச் சென்று, அடுக்களையில் அனலருகே இருக்கும் உருளையைத் தள்ளி வைக்கச் சொல்லும். கல்வியின் பயன் அதுவே.